மனுதாரரின் தந்தை யார்? 1705-ஆம் ஆண்டு வர்ஜீனியா மனுவும் பன்ச் குடும்பத்தின் தொடக்கமும்

பராக் ஒபாமாவின் ஆப்பிரிக்க வேர் கென்யரான தந்தையின் வழியில் மட்டும் வந்ததன்று. வெள்ளையராகவே அறியப்பட்ட தாய் ஸ்டான்லி ஆன் டன்ஹமின் வழியிலும் வந்தது. 2012 ஜூலையில் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அனஸ்டேசியா ஹார்மன், ஜோசப் ஷம்வே உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட அறிக்கையின் முடிவு இது. டன்ஹமின் தாய்வழியைக் கவுண்டி ஆவணங்கள் மூலம் பின்னோக்கித் தொடர்ந்த அவர்கள், வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் வாழ்ந்த பன்ச் குடும்பத்தை அடைந்தார்கள். அங்கிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், அக்குடும்பத்தின் முதல்வர் 1640-இல் வாழ்நாள் ஊழியம் விதிக்கப்பட்ட ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கராக இருக்க வேண்டும் என்றார்கள்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இவ்விரு பெயர்களின் முதலெழுத்தைப் பிரித்துக் காட்டத் தமிழில் வழியில்லை. 1640-ஆம் ஆண்டு ஆணையில் உள்ள பெயர் ‘பட்டணம்’ என்பதன் முதல் ஒலியோடு தொடங்குவது. அதைப் பஞ்ச் என்று எழுதுகிறேன். நியூ கென்ட் குடும்பத்தின் பெயர் ‘பம்பாய்’ என்பதன் முதல் ஒலியோடு தொடங்குவது. அதைப் பன்ச் என்று எழுதுகிறேன்.

நியூ கென்ட் வரை அறிக்கை சொல்வதை ஏற்கிறேன். அக்குடும்பத்தின் தந்தைவழி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதையும் ஏற்கிறேன். மறுப்பு கடைசிப் படியில்தான். அறிக்கையாளர்கள் ‘பெரும்பாலும்’ என்ற எச்சரிக்கையோடு எழுதியதை, அவர்களை மேற்கோள் காட்டியவர்கள் அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டு வரலாற்று உண்மையாக்கிவிட்டார்கள். ஆனால் குறை மேற்கோள் காட்டியவர்களோடு முடியவில்லை. அறிக்கையின் வாதமே 1640-ஐ அச்சாணியாகக் கொண்டது. அச்சாணியாக நிற்க வேண்டிய ஆவணம் 1705-ஆம் ஆண்டுடையது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. 1640-ஆம் ஆண்டு ஆணை

ஹியூ குவின் என்பவரிடமிருந்து மூன்று பணியாளர்கள் மேரிலாந்துக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டனர். 1640 ஜூலை 9 அன்று வர்ஜீனியாவின் பொது நீதிமன்றம் மூவருக்கும் ஆளுக்கு 30 கசையடி விதித்தது. விக்டர் என்ற டச்சுக்காரரும் ஜேம்ஸ் கிரெகரி என்ற ஸ்காட்லாந்துக்காரரும் தங்கள் ஒப்பந்தக் காலத்தை முடித்த பின் எசமானுக்கு ஓராண்டும், அதன் பின் குடியேற்ற அரசுக்கு மூன்றாண்டும் கூடுதலாக உழைக்க வேண்டும். மூன்றாமவரான ஜான் பஞ்ச் தம் எசமானுக்கோ அவர் யாருக்கு ஒப்படைக்கிறாரோ அவருக்கோ, இங்கேயோ வேறெங்கேயோ, உயிருள்ள வரை உழைக்க வேண்டும். ஆணையில் ‘அடிமை’ என்ற சொல் இல்லை. ஆனாலும் ஒரே குற்றத்துக்குத் தோலின் நிறம் பார்த்து வேறு தண்டனை தந்த ஆவணம் என்பதால் அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இதை எடுத்துப் பேசுகிறார்கள்.

இந்த ஆணையின் மூலம் இன்று இல்லை. பொது நீதிமன்றத்தின் ஏடுகளில் பெரும்பகுதி 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது அழிந்தது. நாம் படிப்பது, அதற்கு முன்பே கான்வே ராபின்சன் எடுத்து வைத்த குறிப்புகளை. மக்கில்வெய்ன் 1924-இல் அச்சிட்ட தொகுப்பு இவ்வகைப் படிகளையும் சேர்த்துக்கொண்டதே.

பெயரொற்றுமை வாதத்தின் கால் இங்கே இடறுகிறது. முதலெழுத்து மாறினால் பஞ்ச் பன்ச் ஆகிவிடும்; அக்கால எழுத்தர்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள்; ஆகவே இரண்டும் ஒன்றே என்கிறது அறிக்கை. ஆகலாம். ஆனால் 1640-இல் எழுத்தர் உண்மையில் எந்த எழுத்தை இட்டார் என்று பார்க்க ஏடு இல்லை. படியெடுத்தவர் சரியாகப் படித்தாரா என்று சோதிக்கவும் முடியாது. சோதிக்க முடியாத ஓர் எழுத்தின் மேல் ஒரு வம்சத்தின் தலையை வைப்பது பெரிய துணிவு.

எதிர்த்தரப்புக்கு ஆதரவான ஒன்றையும் சொல்ல வேண்டும். மூவரில் டச்சுக்காரருக்கு ஒற்றைப் பெயர்தான். ஆப்பிரிக்கருக்கோ இரட்டைப் பெயர். அந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்கர் பலர் ஆவணங்களில் ஒற்றைப் பெயரோடு மட்டுமே வருகிறார்கள். ஆகவே ‘பஞ்ச்’ அவரோடு ஒட்டிய குடும்பப் பெயராக இருந்து, பிள்ளைகளுக்குச் செல்லும் நிலையில் இருந்திருக்கலாம். இந்த அளவுக்கு அறிக்கையின் ஊகம் வெறும் கற்பனையன்று.

2. தாயின் நிலை என்ற விளக்கம்

நியூ கென்ட்டில் 1662-இல் நிலப் பட்டயம் பெற்ற ஜான் பன்ச்சை ஜான் பஞ்சின் மகனாகக் கொள்கிறது அறிக்கை. வாழ்நாள் ஊழியத்தில் இருந்தவரின் மகன் சுதந்திரமானவராக நிலம் வைத்திருந்தது எப்படி? பஞ்சின் துணைவி வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருப்பார், அவருடைய சுதந்திர நிலை பிள்ளைக்கு வந்திருக்கும் என்பது அறிக்கையின் விடை. பால் ஹைனெக் கவுண்டி நீதிமன்ற ஏடுகளிலிருந்து தொகுத்த சுதந்திர ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரப் பணிப்பெண்களின் வழிவந்தவை என்பது இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் காலம் இடிக்கிறது. பிள்ளை தாயின் நிலையைப் பெறும் என்ற சட்டம் வர்ஜீனியாவில் 1662 டிசம்பரில்தான் வந்தது. 1662-இல் நிலம் பெற்றவர் 1640-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். அப்போது நிலைமை என்ன? 1641 மார்ச்சில் ஜான் கிராவீர் என்ற ஆப்பிரிக்கப் பணியாளர், வேறொருவரிடம் இருந்த ஆப்பிரிக்கப் பெண்ணிடம் தமக்குப் பிறந்த குழந்தையைக் கிறித்தவ முறையில் வளர்ப்பதற்காக அதன் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். நீதிமன்றம் குழந்தையைத் தந்தையிடம் விட்டது. நார்தம்பர்லண்ட் கவுண்டியில் 1655-இல் வழக்காடிய எலிசபெத் கீ, ஆங்கிலேயத் தந்தையின் மகள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அடுத்த ஆண்டு விடுதலை பெற்றார். இரண்டு வழக்குகளிலும் எடுபட்டது தந்தையின் பக்கம். 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியை 1640-இல் பிறந்த ஒருவருக்குக் கேள்வியின்றிப் பொருத்துவது காலத்தைப் பின்னோக்கி வளைப்பதாகும். வழக்கம் சட்டத்துக்கு முந்தியே இருந்திருக்கலாம். அப்படியானால் அதை நிறுவ வேண்டிய பொறுப்பு வாதத்தை வைப்பவருடையது.

3. பட்டயத்தின் தேதி

நியூ கென்ட் கவுண்டியில் ஜான் பன்ச் 450 ஏக்கருக்கு நிலப் பட்டயம் பெற்றது மார்ச் 18, 1662. நியூ கென்ட் நீதிமன்றம் 1787-இல் தீக்கிரையானது. எஞ்சியவற்றையும் 1865 கொண்டுபோயிற்று. ‘எரிந்த கவுண்டிகள்’ என்று வம்சாவளி ஆய்வாளர்கள் சொல்லும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. பட்டயப் பதிவு தப்பியதற்குக் காரணம், அது கவுண்டியின் ஏட்டில் இல்லாமல் குடியேற்ற அரசின் நிலப் பதிவேட்டில் இருந்ததே.

அன்றைய ஆங்கிலேய வழக்கில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதன்படி மார்ச் 18, 1662 என்பது அந்த ஆண்டின் கடைசி வாரம். இன்றைய கணக்கில் 1663. பதிவைப் பிற்காலத்தில் எடுத்தாண்டவர்கள் ஆண்டைத் திருத்திக் கொடுத்திருந்தால் 1662-தான். இந்த ஓராண்டு வேறுபாட்டுக்கு நடுவில்தான் டிசம்பர்ச் சட்டம் நிற்கிறது. பட்டயம் சட்டத்துக்கு முன்பா பின்பா என்பதை நான் முடிவு செய்யவில்லை. முடிந்ததுபோல் எழுதுவதும் சரியன்று.

450 ஏக்கர் என்பது சிறிய செய்தியன்று. கடல் கடந்து அழைத்துவரப்பட்ட ஒவ்வோர் ஆளுக்கும் 50 ஏக்கர் என்ற கணக்கில் பார்த்தால் ஒன்பது ஆட்களுக்கான உரிமை அது. அந்த உரிமைகளைக் காசு கொடுத்தும் வாங்கலாம். நார்தாம்ப்டன் கவுண்டியில் ஆப்பிரிக்கரான ஆண்டனி ஜான்சன் 1651-இல் ஐந்து ஆட்களின் கணக்கில் 250 ஏக்கர் பெற்றதை அங்கே எரியாமல் பிழைத்த ஏடுகள் சொல்கின்றன. ஆகவே நியூ கென்ட்டில் நிலம் பெற்றவர் ஆப்பிரிக்கராகவே இருப்பதற்கும் தடையில்லை. ஆனால் ஜான்சன் ஊழியத்திலிருந்து விடுபட்டு, பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பின் நிலம் பெற்றவர். இருபதை ஒட்டிய வயதில், வாழ்நாள் ஊழியத்தில் கிடந்தவரின் மகன் ஒன்பது உரிமைகளைத் திரட்டியிருப்பாரா? முடியாது என்று சொல்லமாட்டேன். நடுவயதை எட்டிய ஒருவர் திரட்டியிருப்பார் என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது.

4. 1705-ஆம் ஆண்டு மனு

1705 ஆகஸ்ட் 16 அன்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே பெயருடைய ஜான் பன்ச் என்ற கலப்பின ஆணும் சாரா ஸ்லேடன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் வர்ஜீனியா ஆளுநர் அவையிடம் மனுச் செய்தார்கள். பிளிஸ்லண்ட் சேகரத்தின் குரு தங்களுக்குத் திருமணம் செய்துவைக்க மறுக்கிறார் என்பது முறையீடு. 1691-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீக்ரோ, முலாட்டோ, இந்தியர் ஆகியோரை மணக்கும் வெள்ளையர் குடியேற்றத்தை விட்டே விரட்டப்பட வேண்டும். இந்த மனு அச்சட்டத்துக்குள் வருமா என்று அவை அரசுத் தலைமை வழக்குரைஞர் ஸ்டீவன்ஸ் தாம்சனைக் கேட்டது.

தாம்சனின் கருத்து இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகத் துல்லியமான சான்று. தண்டனை விதிக்கும் சட்டத்தை எழுத்துக்கு வெளியே நீட்டக் கூடாது என்கிறார் அவர். முலாட்டோ என்பது நீக்ரோ ஒருவருக்கும் வெள்ளையர் ஒருவருக்கும் பிறந்த பிள்ளையை மட்டுமே குறிக்கும் என்பது அவர் அறிந்தது. முலாட்டோ ஆணுக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் பிறந்தவரை அப்படி அழைக்கலாமா என்று தமக்குத் தெரியவில்லை என்றும், அத்தகையோருக்கு வேறு பெயர் உண்டு என்று கேள்விப்பட்டதாகவும் சொல்கிறார். அப்படியானால் இந்த மனு சட்டத்தின் நோக்கத்துக்குள் வரலாம், எழுத்துக்குள் வராது.

பேசப்படுவது மனுதாரரைப் பற்றித்தான், பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றியன்று. திருமணம் செல்லுமா என்பது மணமகன் யார் என்பதைப் பொறுத்தது. சட்டம் பிள்ளைகளைக் கேட்கவில்லை. ஆகவே தாம்சனின் கண்ணில் மனுதாரரின் தாய் வெள்ளைக்காரி, தந்தை முலாட்டோ. முலாட்டோ என்ற சொல்லைத் தாம்சன் இங்கே தளர்வாக ஆளவில்லை. அதன் எல்லையை வரையறுப்பதே அவருடைய வேலை. அந்தக் கண்டிப்பான பொருளில் தந்தை, ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் வெள்ளையர் ஒருவருக்கும் நேரடியாகப் பிறந்தவர். ஆப்பிரிக்க மூதாதை மனுதாரரின் தாத்தா தலைமுறையில் நிற்கிறார்.

இனி எண்ணிப் பார்க்கலாம். பட்டயத்துக்கும் மனுவுக்கும் இடையே 42 அல்லது 43 ஆண்டுகள். பட்டயம் பெற்றவர் மனுதாரரின் தந்தை என்றால் அவரே முலாட்டோ, ஆப்பிரிக்கர் அவருக்கு ஒரு படி மேலே, பஞ்சுக்கு இடமுண்டு. பட்டயம் பெற்றவர் மனுதாரரின் தாத்தா என்றால் ஆப்பிரிக்கர் அவரேதான். அப்போது 1640-ஆம் ஆண்டு ஆணையைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. மனுதாரர் திருமண வயதினர், பெரும்பாலும் 1680-ஐ ஒட்டிப் பிறந்தவர். அப்போது பட்டயம் பெற்றவருக்கு வயது நாற்பதுக்குக் குறையாது. தந்தையாக இருக்கலாம்; தாத்தாவாகவும் இருக்கலாம். இரண்டாவதன் பக்கமே நான் சாய்கிறேன், 450 ஏக்கரை நினைத்து. ஆனால் முதலாவதை விலக்கும் ஆவணம் என்னிடம் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் கூடிய சட்டமன்றம், நீக்ரோவின் பிள்ளையும் பேரப்பிள்ளையும் கொள்ளுப்பேரப்பிள்ளையும் முலாட்டோவே என்று எழுதி வைத்தது. தாம்சன் காட்டிய சந்து இரண்டே மாதத்தில் அடைபட்டது. அந்த வரையறைக்கு இந்த மனுவே காரணம் என்று நிறுவ முடியாது. இரண்டையும் தொடர்பற்றவை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. கலப்புத் திருமணத் தடையோ 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கும் வரை வர்ஜீனியாவில் நீடித்தது.

5. குடும்பத்தினர் சேர்ந்து கட்டிய சான்று

ஏடுகள் எரிந்த இடத்தில் கைகொடுத்தது பகிர்ந்து செய்த ஆய்வு. பன்ச் பெயர் தாங்கிய வெவ்வேறு கிளையினர் தங்கள் ஒய் குரோமோசோம் முடிவுகளையும் கவுண்டி ஏடுகளின் படிகளையும் ஒருவரோடொருவர் ஒப்பிட்டார்கள். தங்களை வெள்ளையர் என்றே அறிந்திருந்த ஆண்களிடமும் சகாராவுக்குத் தெற்கே உரிய ஈ1பி1ஏ பிரிவு தெரிந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் குரோமோசோம் என்பதால், ஆப்பிரிக்க மூதாதை ஓர் ஆண் என்பது இதனால் உறுதியாகிறது. தாம்சனின் சொற்கள் மட்டும் இருந்திருந்தால் அந்த மூதாதை பாட்டியாகவும் இருந்திருக்கலாம். 1705-ஆம் ஆண்டு ஆவணமும் இன்றைய ஆய்வகமும் ஒன்றையொன்று நிரப்புவது இங்கேதான்.

ஆனால் குரோமோசோமில் பெயர் எழுதியிருக்காது. வந்தவர் ஆப்பிரிக்கர் என்று அது சொல்லும். அவர் ஹியூ குவினின் பணியாளரா என்று சொல்லாது. அறிக்கை குரோமோசோம் சான்றையும் பெயரொற்றுமையையும் ஒரே மூச்சில் வைப்பதால், முன்னதன் உறுதி பின்னதற்கும் சேர்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

6. எங்கே நிற்கிறோம்

இன்றுள்ள சான்றுகளை வைத்து எழுதத்தக்க வாக்கியம் இது: ஒபாமாவின் தாய்வழி, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் வர்ஜீனியாவில் வாழ்ந்த ஓர் ஆப்பிரிக்க ஆணிடம் செல்கிறது, நியூ கென்ட்டில் நிலம் பெற்ற ஜான் பன்ச்சே அவராகவோ அவருடைய மகனாகவோ இருக்கலாம், அந்த ஆப்பிரிக்கர் ஜான் பஞ்ச் என்பது ஓர் ஊகம்.

இதை முன்னெடுக்க வழி அடைபடவில்லை. நியூ கென்ட் 1654-இல் பிரிந்தது யார்க் கவுண்டியிலிருந்து. யார்க்கின் ஏடுகள் 1630-களிலிருந்தே, இடைவெளிகளோடு, எஞ்சியிருக்கின்றன. பன்ச் குடும்பத்தார் இனித் தேட வேண்டிய இடம் அதுதான். முதல் அடிமையாகப் பேசப்படும் பஞ்சின் வாரிசு என்ற புகழ் பெரிதாகத் தெரிவதால், அதைவிட அரிய ஒன்று கவனிக்கப்படாமல் போகிறது. அடிமை முறை சட்டமாக இறுகிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம் சுதந்திரமாக நிலம் வைத்து வாழ்ந்தது. அதன் மூன்றாம் தலைமுறை, திருமணம் செய்துகொள்ளும் உரிமையை ஆளுநர் அவையிடமே கேட்டது. அந்த வரலாற்றைத் தாங்கிச் சொல்லும் வலு 1705-ஆம் ஆண்டு மனுவுக்கு இருக்கிறது. 1640-ஆம் ஆண்டு ஆணைக்கு இல்லை.