கிரகணத்தன்று நறுக்கிய காய்

என் தங்கை உதட்டுப் பிளவோடு பிறந்தவள். கிரகண நேரத்தில் அம்மா அரிவாள்மனையில் காய் நறுக்கியதுதான் காரணம் என்றார் அப்பத்தா. அம்மா கடைசிவரை மறுத்துப் பேசவில்லை.

இங்கே நாக்பூரிலும் இதே கதைதான். கிரகணத்தன்று எங்கள் கிளையில் ஒரு கர்ப்பிணி லீவு போட்டுவிட்டார். கத்தரிக்கோலைத் தொடக் கூடாதாம். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. ஆனால் பரிகாரம் நேர் எதிர்! கர்ப்பிணியின் உடம்போடு கல்கத்தி ஒன்றை வைப்பார்களாம்.

சீனத்தில் 4-ம் நூற்றாண்டிலேயே இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. வெய் யோங்ஜி என்ற 18 வயது ஏழைப் பையன், ஆளுநரிடம் இருந்த வைத்தியரைத் தேடிப் போனான். வெட்டித் தைக்கலாம், ஆனால் நூறு நாள் கஞ்சிதான், பேச்சும் சிரிப்பும் கூடாது என்றார் வைத்தியர். பாதி ஆயுள் பேசாமல் இருக்கச் சொன்னாலும் சம்மதம் என்றானாம். பின்னாளில் அதே மாகாணத்துக்கு அவனே ஆளுநர்!

1942-ல் டென்மார்க்கின் ஃபோக் ஆண்டர்சன் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடமும், அண்ணம் மட்டும் பிளப்பது பெண் குழந்தைகளிடமும் அதிகம். இரண்டின் பரம்பரை வழியும் வேறு என்று காட்டினார். பரம்பரையோடு வேறு காரணங்களும் சேர்வதுண்டு.

மேலுதடு கருவில் ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடும். கணக்குப் பார்ப்பதுதானே நம் பிழைப்பு, பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அம்மாவுக்கு அந்தக் கிரகணத்தின்போது ஏழாம் மாதம்.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அம்மா இருக்கும்போதே பார்த்திருக்கலாமே அண்ணா” என்றாள்.