வயிற்று நோய்ப் பெயர்களும் சோதனைகளின் வரலாறும்

செரிமான உறுப்புகளின் நோய்களைச் சுட்டும் தமிழ்ச்சொற்களுள் பல, நோயாளி உணர்வதையோ கண்ணால் காண்பதையோ அடியாகக் கொண்டவை. நெஞ்செரிச்சல், செரியாமை, சீதபேதி, வாந்திபேதி என்பன இவ்வகையின. கிராணி இதற்கு விலக்கு: உணவைப் பற்றிவைக்கும் குடற்பகுதியைக் குறித்த கிரகணி என்னும் வடசொல்லே நோய்ப்பெயராயிற்று. ஆய்வுக்கூடச் சோதனைகள் பெருகியபின் பெயரிடும் அடிப்படையே மாறியது. உணர்வு பின்செல்ல, காரணமும் இடமும் முன்னின்றன. இம்மாற்றம் பழஞ்சொற்களின் பொருளெல்லையைக் குலைத்த விதம் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

வாந்திபேதி இரு அறிகுறிகளை இணைத்த உம்மைத்தொகை. 1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அக்கிருமி வெளிவிடும் நச்சுப்பொருளே குடலில் நீரைப் பெருக்குகிறது என்பதை 1959இல் அதே நகரில் சம்புநாத் தே முயலின் குடலைக் கொண்டு காட்டினார். காலரா என்னும் சொல் இவ்வாறு ஒரு கிருமிக்கே உரியதாயிற்று. வாந்திபேதியோ அறிகுறிப் பெயராகவே நின்றது. இரண்டையும் ஒருபொருட் சொற்களாக ஆள்வது பிழையாகும்.

சீதபேதியில் நிகழ்ந்தது வேறு. 1875இல் லோஷ் என்பவர் பீட்டர்ஸ்பர்க்கில் நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். மருந்து வேறுபடும் இவ்விரு நோய்களுக்கும் தமிழில் பெயர் ஒன்றே. பிரித்தறிய அடைமொழி வேண்டும்.

மிகுந்த சிக்கல் குன்மத்தில் உள்ளது. புதர் எனப் பொருள்படும் ‘குல்மம்’ வயிற்றுக் கட்டியைக் குறித்துப் பின் தமிழில் குன்மமாயிற்று. சித்த மருத்துவம் அதனை எண்வகைப்படுத்தும். எரிவு, வலி, வாந்தி ஆகியன அவ்வகைகளில் அடங்கும். இதனை அல்சர் எனப் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அல்சர் கண்டறியப்படும் புண். ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் வளையும் கண்ணாடியிழை அகநோக்கியைப் பயன்படுத்திக் காட்டியபின் அப்புண்ணை எளிதில் நேரே காண முடிந்தது. இத்தகைய புண்கள் பலவற்றிற்கு ஒரு பாக்டீரியா காரணமாவதை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1980களில் நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். குன்மக் குறிகள் உள்ள பலரிடம் அகநோக்கியால் பார்த்தால் புண்ணே இராது.

பேச்சுத்தமிழில் “எனக்கு அல்சர்” என்போர் பெரும்பாலும் வயிற்றெரிச்சலையே குறிக்கின்றனர். சொல் ஆங்கிலம், பொருள் பழைய குன்மம். எனவே, “உங்களுக்கு அல்சர் உண்டா?” என்னும் வினாநிரலின் விடைகள் புண்ணுள்ளோரைக் கணக்கிட உதவா. ‘வாயு’, ‘கேஸ்’ என்பவற்றில் இடர் இன்னும் பெரிது. மாரடைப்பின் வலியும் இப்பெயர்களில் மறைவதுண்டு. ஆதலின், நோயாளியிடம் கேட்கும் வினாவில் நோய்ப்பெயரை விடுத்து அறிகுறியையே வைத்தல் நன்று. இரைப்பையில் குருதி கசிகிறதா என அறிய, “மலம் தார்போலக் கறுத்துப் போகிறதா? இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்கிறீர்களா?” என இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அம்மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும்.