ஒரே பெண், மூன்று கணக்கு

திருவண்ணாமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் வீட்டுவேலை. மல்லாட்டைப் பருவத்தில் மட்டும் நாள்தோறும் சில மணி நேரம் சொந்த நிலத்தில் களை எடுப்பார், காய் ஆய்வார். இவர் 'உழைப்பவரா', 'உழைக்காதவரா'?

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உழைப்பவரே. பருவகால வேலையில், பருவத்தின் பெரும்பகுதியும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக உழைத்தாலே போதும். ஒன்பது தொழிற்பிரிவுகளுள் முதலாவதான 'பயிரிடுவோர்' பிரிவில் இவர் சேர்ந்தார்.

1971இல் கேள்வி மாறிற்று. முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். 'வீட்டுவேலை' என்று விடை சொன்னவர் உழைக்காதவர் ஆனார். வயல்வேலை வெறும் துணைவேலையாயிற்று. நாடெங்கும் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை சரிந்தது. பெண்கள் வயலை விட்டு ஓடிவிட்டார்களா? இல்லை. சரிவுக்குப் பெருங்காரணம் அளவுகோல் மாறியதே.

1981இல் குறையைப் போக்க முயன்றார்கள். ஆண்டில் 183 நாள்களேனும் உழைத்தவர் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைந்தவர் குறுகியகால உழைப்பாளர். நம் பெண் மீண்டும் கணக்கில் வந்தார்.

வெர்னியர் அளவியால் அளக்குமுன் சுழிப்பிழையைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே, ஒரு புள்ளிவிவரத்தை நம்புமுன், அது எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்று பாருங்கள். அப்பெண் இறைத்த தண்ணீரும் ஆக்கிய சோறும் இம்மூன்று கணக்குகளில் ஒன்றில்கூட உழைப்பாகச் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.