ஏரி வாரியமும் குடிமராமத்தும்

நம் மாவட்டத்து வீராணம் ஏரியை அறியாத தமிழ் வாசகர் இலர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் காட்சியில் மனம் பறிகொடுத்த நாம், ஏரியை வெட்டியவர் யார் என்று கேட்டதுண்டு. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் யார் என்று கேட்டதில்லை. முன்னதற்கு விடை எளிது. வீரநாராயணன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. பின்னதற்கான விடையைத் தேட, அதே பராந்தகனின் ஆட்சியில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் உத்திரமேரூர்ச் சபையார் பொறித்து வைத்த கல்வெட்டுகளிடம் செல்ல வேண்டும்.

குடவோலைத் தேர்தலைப் பற்றி மேடைதோறும் பேசியாயிற்று. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் எனத் தெரிந்தெடுத்த செய்தி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத விதி ஒன்று அதில் உண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய உறவினர் பெயரையும் இடலாகாது. உறவினரையும் விலக்கியது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஊர்ப் பணத்தைக் கையாள்வோரின் மனத்தை நன்கறிந்தவர்கள் எழுதிய விதி அது. நம் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது, கவியரங்கிற்கு நேரமாகிறதே என்று முணுமுணுப்போரில் யானும் ஒருவன் என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இதனைப் பொற்காலம் எனப் பாடிவிடவும் இயலாது. அது பிராமணர் சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே குடத்தில் இடம். ஏரியில் இறங்கி மண் சுமந்தவரின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

மண் சுமந்தவரின் வரலாறு ‘குடிமராமத்து’ என்னும் சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. கோடையில் வாய்க்கால் தூர்வாருதல், கரையின் உடைப்பை அடைத்தல், மதகுக்குக் காவலிருத்தல் ஆகிய வேலைகளை ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாகச் செய்து வந்தனர். அதற்கு ஈடாக ஏரியின் பயன்களில் ஊருக்கு உரிமை இருந்தது. ஏரிப்பட்டி போன்ற மானிய நிலங்களின் வருவாய் ஏரிக்கே செலவாயிற்று. கும்பினியார் காலத்தில் ரயத்துவாரி முறை பரவியபின் வருவாயின் கணக்கு கச்சேரிக்குப் போயிற்று. மண்வெட்டி மட்டும் ஊரில் தங்கிற்று. பயனும் பொறுப்பும் பிரிந்தபின் எவர் மனமுவந்து கரைக்கு வருவர்? வரவில்லை. உடனே, மக்கள் சோம்பேறிகளாகிவிட்டனர் என்று அதிகாரிகள் கண்டுபிடித்தனர். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் பிறந்தது. வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வரத் தவறியவர், அவ்வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றது அது. ஊர் தன் விருப்பத்தால் செய்துவந்த காரியம், தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. ஏரிகள் தூர்ந்ததற்கு மழையையும் மக்களையும் பழிக்கும் நூல்கள் பல. இந்தப் பிரிவினையை முதற்காரணமாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் துணிபு.

அதே பெயர் 2017ஆம் ஆண்டில் தமிழக அரசின் திட்டமொன்றிற்குச் சூட்டப்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் பணி தொடங்கப்பெற்றது. மதிப்பீட்டில் பத்து விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பங்கு கேட்பதில் தவறில்லை. மதிப்பீட்டை எழுதும் இடத்தில் அந்தப் பாசனதாரருக்கு நாற்காலி உண்டா என்பதே கேள்வி.

கூட்டுறவுச் சங்கங்களின் கதையும் இதற்கு அயலானதன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களையே கருத்திற்கொண்டது. ஆயினும் அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியார் முதலியோர் கூடி, அரிசி பருப்பு விற்கும் நகரக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டனர். கலப்படமில்லாச் சரக்கும் சரியான நிறையும் வேண்டிய குடும்பத்தாரின் முயற்சி அது. பிற்காலத்தில் நியாயவிலைக் கடைகள் வந்தபோது, தமிழ்நாட்டில் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களுக்கே வந்தது. அரசின் பொதுச்சேவை ஒன்றைக் குடிகளின் அமைப்பு இத்துணைப் பெரிய அளவில் சுமப்பது சிறிய செய்தியன்று. ஆனால் 1976இலும் 2001இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களை நீக்கித் தனி அலுவலர்களை அமர்த்தச் சட்டங்கள் வந்தன. கடை திறந்திருந்தது, எடைத்தட்டும் ஆடிற்று. உறுப்பினர் மட்டும் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளராயினர்.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். 1934இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் கரிய துகள்களைக் கண்டார். 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. நெய்வேலி நகரியத்தின் சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு யாவும் நிறுவனத்தின் நிர்வாகத்தால் நடைபெறுகின்றன. அவை நன்றாகவே நடைபெறுகின்றன என்று நாம் பொறாமையுடன் பேசிக்கொள்வதும் வழக்கம். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே இருக்கும் நம் மேல்பட்டாம்பாக்கத்துக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பது வாக்குரிமையும் பேரூராட்சி மன்றமும்.

அந்த இருப்பிலும் ஒரு குறை உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் கிராம சபைக்கு உயிர் வந்தது. நம்மைச் சூழ்ந்த சிற்றூர்களில் குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் மக்கள் கூடி, ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். பேரூராட்சி என்னும் பெரிய பெயர் பெற்ற நமக்கு அந்தச் சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கெனப் பகுதி சபை விதிகள் 2022ஆம் ஆண்டில்தான் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் அச்சபைகளின் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை உயிர் பெற்றதிலிருந்து எண்ணினால் இருபத்தொன்பது ஆண்டுகள். வீராணத்தின் நீர் குழாய்வழிச் சென்னைக்குப் போகத் தொடங்கியதும் இந்த இடைவெளியில்தான், 2004இல்.