சட்டம் கைவிட்டதை ஒப்பந்தம் காக்கிறது: அமெரிக்க வாடகை வீடுகளில் நாய் இனத் தடை

அமெரிக்காவில் குறிப்பிட்ட நாய் இனங்களுக்கு எதிரான சட்டத் தடைகள் கடந்த சில ஆண்டுகளாகப் பின்வாங்கி வருகின்றன. கொலராடோவின் டென்வர் நகரில் 1989 முதல் நடப்பிலிருந்த பிட்புல் தடையை 2020 நவம்பரில் வாக்காளர்களே நீக்கினர். அதே 1989-இல் மயாமி-டேட் மாவட்டம் விதித்த தடை 2012 பொதுவாக்கெடுப்பைக் கூடத் தாண்டி நின்றது. 2023-இல் புளோரிடா மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அதற்கு முடிவு கட்டியது. இன அடிப்படையிலான சட்டங்களைக் கைவிடுமாறு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2012-லேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆனால் வாடகை வீடு தேடும் ஒருவருக்கு இந்த மாற்றத்தால் பெரும் பயன் இல்லை. அவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பிட்புல், ராட்வைலர், டாபர்மேன், அகிட்டா, சௌ சௌ என்று நீளும் பட்டியல் அப்படியே இருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் உள்ள இனத் தடையைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று கருதுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பொறுப்புச் சட்டமும் காப்பீட்டு வணிகமும் சேர்ந்து உருவாக்கிய இடர் மாற்றம் அது. அதன் சுமை நாயின் இயல்பைப் பொறுத்து விழுவதில்லை. வீடு சொந்தமா, வாடகையா என்பதைப் பொறுத்தே விழுகிறது.

1. தடையின் சட்ட வேர்

வாடகைக்குக் குடியிருப்பவரின் நாய் ஒருவரைக் கடித்தால் வீட்டு உரிமையாளர் பொறுப்பாவாரா? பெரும்பாலான மாநிலங்களில் அதற்கான விடை அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல் அளித்த தீர்ப்பு இதற்கு வழிகாட்டியானது. அந்த நாய் ஆபத்தானது என்பதை உரிமையாளர் உண்மையாகவே அறிந்திருக்க வேண்டும். அதை வெளியேற்றும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் மட்டுமே பொறுப்பு எழும். நாயைத் தேடிச் சென்று ஆராயும் கடமை அவருக்கு இல்லை.

இந்த விதியின் விளைவு விந்தையானது. அக்கறையோடு ஒவ்வொரு நாயையும் விசாரித்தறிந்த உரிமையாளர் மாட்டிக்கொள்ளக்கூடும். எதையும் கேட்காதவர் தப்பக்கூடும். தனி நாயைப் பற்றிய அறிவே சட்ட ஆபத்தாகும்போது, அந்த அறிவைக் கோராத ஓர் அளவுகோல் கவர்ச்சி பெறுகிறது. இனப்பெயர் அத்தகையது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு சொல்லைப் பார்த்தாலே போதும். நாயைப் பார்க்கத் தேவையில்லை.

மேரிலாந்தில் நடந்தது இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. 2012 ஏப்ரலில் அம்மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம், பிட்புல் நாய்கள் இயல்பிலேயே ஆபத்தானவை என்று கூறி, அவற்றின் தாக்குதலுக்கு நாயை வளர்ப்பவரோடு வீட்டு உரிமையாளரையும் முழுப் பொறுப்பாளியாக்கியது. சில மாதங்களில் கலப்பினங்களை அத்தீர்ப்பிலிருந்து நீக்கியது. அதற்குள் பால்டிமோரின் ஆர்மிஸ்டெட் கார்டன்ஸ் குடியிருப்பில், பிட்புல் நாய்களை அகற்றாவிட்டால் வீட்டை இழக்க நேரும் என்று குடியிருப்போருக்கு அறிவிப்பு வந்துவிட்டது. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அந்த நாய்கள் அதே நாய்கள்தாம். இழப்பீடு தர வேண்டியவர் யார் என்பது மட்டும் மாறியிருந்தது. 2014-இல் சட்டமன்றம் தலையிட்டு, எந்த இனமானாலும் நாயை வளர்ப்பவருக்கு ஒரே விதி என்றாக்கி, வீட்டு உரிமையாளரைப் பழைய நிலைக்கே திருப்பியது.

2. இனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இனத் தடைக்கு ஆதரவான சான்றுகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1979 முதல் 1998 வரையிலான இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த 238 உயிரிழப்புகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான கட்டுரை, பிட்புல் வகைகளும் ராட்வைலர்களும் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் தொடர்புடையவை என்று கண்டது. உடல் வலிமை மிக்க பெரிய நாய் கடித்தால் காயம் கடுமையாகும் என்பதையும் யாரும் மறுக்க முடியாது.

ஆயினும் அக்கட்டுரையே தன் முடிவுகளுக்கு எல்லை வகுத்தது. இறப்புகளில் குறைந்தது 25 இனங்கள் தொடர்புபட்டிருந்தன. இனத்தை உறுதியாகத் தீர்மானிப்பது கடினம். மொத்தக் கடிகளில் உயிரிழப்பு மிகச் சிறு பகுதி என்பதால் கொள்கையை அதன்மேல் கட்டக் கூடாது என்று ஆசிரியர்கள் எச்சரித்தனர். 2000 முதல் 2009 வரையிலான 256 உயிரிழப்புகளை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, நம்பத்தகுந்த முறையில் இனத்தை உறுதிசெய்ய முடிந்தது 17.6 சதவீத நிகழ்வுகளில்தான் என்றது. அதே ஆய்வில் மீண்டும் மீண்டும் தென்பட்டவை வேறு காரணிகள்: அருகில் தடுக்கவல்ல ஆள் இல்லாமை 87.1 சதவீதம், இனப்பெருக்கத் தடை அறுவை செய்யப்படாத நாய் 84.4 சதவீதம், மனிதரோடு அன்றாடப் பழக்கமின்றித் தனித்து வைக்கப்பட்ட நாய் 76.2 சதவீதம்.

2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 18,385 நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்கள் அளித்த விவரங்களையும், 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் இணைத்துப் பார்த்தது. தனி நாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்கியது. நடத்தையைப் பற்றிய இந்த எண் காயத்தின் கடுமையைப் பற்றியதன்று. அந்த வேறுபாட்டை மறக்கலாகாது. ஆனால் எந்த நாய் கடிக்கும் என்று முன்னறியவே ஒப்பந்தப் பட்டியல் இருக்கிறது என்றால், அதன் அடித்தளம் இவ்வளவு மெலிது.

இனத்தைக் கண்ணால் அறிவதும் எளிதன்று. புளோரிடாவின் விலங்குக் காப்பகங்களில் 120 நாய்களைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பணியாளர் கண்ணுக்கு 62 நாய்கள் பிட்புல் வகையாகத் தெரிந்தன. மரபணுச் சோதனைப்படி அந்த 120-இல் பிட்புல் வகை மரபு கொண்டவை 25. நாய்களோடே நாளைக் கழிப்பவர்களின் நிலை இது. வீட்டு மேலாளர் ஒரு நிழற்படத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு இதைவிடத் துல்லியமாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

3. அரசே உரிமையாளராகும்போது

நியூயார்க் மாநிலத்தின் வேளாண்மை மற்றும் சந்தைகள் சட்டம், உள்ளாட்சிகள் இன அடிப்படையில் நாய்களை ஒழுங்குபடுத்துவதைத் தடுக்கிறது. அதே மாநிலத்தில், நாட்டின் மிகப்பெரிய பொது வீட்டுவசதி அமைப்பான நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 2009 மே மாதம் பிட்புல், ராட்வைலர், டாபர்மேன் ஆகியவற்றையும், வளர்ந்த நிலையில் 25 பவுண்டு எடையைத் தாண்டும் நாய்களையும் விலக்கியது. நகரம் சட்டமாகச் செய்ய முடியாததைப் பொது ஆணையம் ஒப்பந்தமாகச் செய்தது. புளோரிடாவின் 2023 சட்டம் இந்தப் பொந்தைப் பாதி அடைத்தது. உள்ளாட்சிகளோடு பொது வீட்டுவசதி அமைப்புகளையும் அது கட்டுப்படுத்துகிறது. தனியார் உரிமையாளர்களை விட்டுவிட்டது.

காப்பீட்டாளர் ஏற்கத் தயங்கும் இனத்தை வீட்டு உரிமையாளரும் ஒப்பந்தத்தில் விலக்குகிறார். அந்தக் காப்பீட்டிலும் இதே கோணல். நியூயார்க் 2021-இல் இயற்றிய சட்டம், நாயின் இனத்தை மட்டுமே காரணம் காட்டிக் காப்பீட்டை மறுப்பதையும் கட்டணத்தை உயர்த்துவதையும் தடை செய்தது. ஆனால் அது பேசுவது வீட்டுச் சொந்தக்காரர் காப்பீட்டைப் பற்றி. நாட்டின் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவை வாடகையில் வாழ்கின்றன. ஒரே தெருவில் ஒரே ஈற்றில் பிறந்த இரு நாய்கள் இருந்தால், சொந்த வீட்டு நாய் தங்கும். வாடகை வீட்டு நாய் காப்பகத்துக்குப் போகும். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் இந்தப் பாகுபாட்டை விளக்க முடியாது.

இறுக்கம் வேறிடத்திலும் வெடிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உதவி விலங்குகளுக்கு இன, எடை வரம்புகளைப் பொருத்தக் கூடாது என்று கூட்டரசின் வீட்டுவசதித் துறை 2013-இல் விளக்கியது. எனவே ஒப்பந்தத்தின் பட்டியலைத் தாண்ட ஒரே வாசலாக அந்த உரிமை மாறியது. இணையத்தில் சான்றிதழ் விற்கும் தளங்களைப் பற்றி அதே துறை 2020-இல் எச்சரிக்க நேர்ந்தது. மெய்யான தேவை உள்ளவர் சந்தேகத்துக்கு ஆளாவதே இதன் விலை.

4. எதிர்வாதமும் மாற்றும்

வீட்டு உரிமையாளர் விலங்கு நடத்தை வல்லுநர் அல்லர். அவருக்கு எளிய விதி வேண்டும் என்பது வலுவான எதிர்வாதம். அண்டை வீட்டுக் குழந்தைகளின் பாதுகாப்பும் நாயை வளர்ப்பவரின் பாசத்தைவிட மேலானதே. ஆனால் எளிய விதி இனப்பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இனப்பெருக்கத் தடை அறுவைச் சான்று, முந்தைய கடி குறித்த பதிவு, முந்தைய வீட்டு உரிமையாளரின் பரிந்துரை, பொது இடத்தில் கயிறு, நாளெல்லாம் கட்டிப்போடத் தடை ஆகிய ஒவ்வொன்றும் தாளில் சரிபார்க்கவோ கண்ணால் காணவோ கூடியது. உயிரிழப்பு ஆய்வில் திரும்பத் திரும்பத் தென்பட்ட காரணிகளில் சிலவற்றையேனும் இவை நேரடியாகத் தொடுகின்றன. இனப்பெயர் எதையும் தொடுவதில்லை.

இதற்கு வரிசை முக்கியம். ஒப்பந்த விதியை மட்டும் தடைசெய்து, காப்பீட்டையும் பொறுப்புச் சட்டத்தையும் அப்படியே விட்டால், உரிமையாளர் எல்லா நாய்களையும் மறுத்துவிடுவார். அப்படி மறுப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. முதலில், குடியிருப்பவரின் நாய்குறித்து நியாயமாக விசாரித்த உரிமையாளருக்கு அந்த விசாரணையே பாதுகாப்பாகும்படி பொறுப்பு விதி திருத்தப்பட வேண்டும். அடுத்து, வாடகைக் கட்டடங்களுக்கான காப்பீட்டிலும் இனக் கேள்வி நீங்க வேண்டும். கொலராடோவின் 2023 சட்டம் காப்பீட்டாளர்கள் வீட்டிலுள்ள நாயின் இனத்தைக் கேட்பதையே கட்டுப்படுத்தி இத்திசையில் ஓர் அடி வைத்தது. செல்லப்பிராணிக்கான முன்பணத்தையும் 300 டாலருக்குள் அது நிறுத்தியது. இவற்றுக்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடியது பொது வீட்டுவசதியில் இனப் பட்டியலைக் கைவிடுவது. அங்கே சட்டம் இயற்றுவதும் வீட்டை வாடகைக்கு விடுவதும் அரசுதான். நகரங்கள் பயன்படுத்தக் கூடாது என்று தானே தடுக்கும் ஓர் அளவுகோலைத் தன் ஏழைக் குடியிருப்போர்மீது மட்டும் வைத்திருக்க அரசுக்கு நியாயம் இல்லை.