அவசர சிகிச்சையைக் கற்பிப்போருக்கான வளங்கள்: இலவசமாகக் கிடைப்பவையும் நாம் சேர்க்க வேண்டியவையும்

1976 பெப்ரவரி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஐக்கிய அமெரிக்காவின் நெப்ரஸ்கா மாநிலத்தில் சிறிய விமானமொன்று வயல்வெளியில் வீழ்ந்தது. அதை ஓட்டி வந்தவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர். அவரது மனைவி உயிரிழந்தார். நான்கு பிள்ளைகளில் மூவர் படுகாயமடைந்தனர். கிராமப்புற வைத்தியசாலை ஒன்றுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்தபோது, அங்கிருந்தவர்கள் படுகாயமடைந்த ஒருவரை முறையாகக் கையாளப் பயிற்றப்படவில்லை என்பதை அவர் கண்டார். வயல்வெளியில் வெறுங்கையுடன் தான் செய்த உதவியே அதைவிட மேலாக இருந்தது என்பது அவரது முறைப்பாடு.

அவர் முறைப்பாட்டோடு நிற்கவில்லை. சக வைத்தியர்களுடனும் தாதியருடனும் சேர்ந்து ஒரு பயிற்சிநெறியை உருவாக்கினார். 1978 இல் முதல் வகுப்பு நடந்தது. 1980 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர்கள் கல்லூரி அதனைப் பொறுப்பேற்றது. இன்று ஏ.டி.எல்.எஸ் என்ற பெயரில் உலகெங்கும் கற்பிக்கப்படுவது அதுவே. முதலில் சுவாசப்பாதை, பின்னர் சுவாசம், அதன்பின் இரத்த ஓட்டம், நினைவுநிலை, இறுதியாக உடல் முழுவதையும் திறந்து பார்த்தல் என்ற ஒழுங்கு அதன் மூலமே பரவலாகியது.

ஓர் உயிர் தப்புவது பெரும்பாலும் முதலில் தொடும் கையின் பயிற்சியில் தங்கியுள்ளது. எமது நாட்டின் கிராமிய வைத்தியசாலைகளில் இரவுக் கடமையில் இருப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் வைத்தியரும் ஓரிரு தாதியருமே. அவர்களைப் பயிற்றுவிப்பவரும் தனது கடமைக்கு இடையில் நேரம் ஒதுக்கும் இன்னொரு வைத்தியர் அல்லது சிரேஷ்ட தாதி உத்தியோகத்தர்தான். பாடம் தயாரிக்க அவருக்கு நேரமில்லை. ஆனால் தயாரிக்கப்பட்ட பாடங்கள் ஏற்கனவே இருக்கின்றன, அவற்றில் பல இலவசம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஏ.டி.எல்.எஸ் கட்டணம் செலுத்திப் பயில வேண்டிய பயிற்சி. குறைந்த வசதியுள்ள இடங்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் இணைந்து 2018 இல் வெளியிட்ட 'அடிப்படை அவசர சிகிச்சை' பயிற்சிநெறி பொருத்தமானது. சர்வதேச அவசர மருத்துவ சம்மேளனமும் இதில் பங்களித்தது. காயம், மூச்சுத்திணறல், அதிர்ச்சிநிலை, நினைவு மாறாட்டம் ஆகிய நான்கு நிலைமைகளையும் மேற்சொன்ன ஒழுங்கிலேயே அணுகக் கற்பிக்கிறது. பயிலுநர் கைநூலை இலவசமாகத் தரவிறக்கலாம். விலையுயர்ந்த ஸ்கேன் வசதி இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவையே அதில் உள்ளன. அதே ஸ்தாபனத்தின் காயச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் ஒரேயொரு பக்கம்தான். அதை அச்சிட்டு அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்டிவிட்டால், ஒவ்வொரு நோயாளியும் ஒரு பாடமாகிவிடுவார்.

சம்பவங்களைக் கொண்டு கற்பித்தல்

அவசர மருத்துவம் விரிவுரையால் வருவதில்லை. "நாற்பத்தைந்து வயது, வியர்த்துக் கொட்டுகிறது, இரத்த அழுத்தம் குறைகிறது, இப்போது என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியால்தான் வருகிறது. இத்தகைய சம்பவங்களை எழுதித் தயாராக வைத்திருக்கும் களஞ்சியங்கள் உள்ளன. 'ஜெட்டெம்' என்ற அமெரிக்கச் சஞ்சிகை அவசர மருத்துவ ஆசிரியர்களுக்காகவே வெளிவருகிறது. துறைசார்ந்தோர் மதிப்பீடு செய்த பாவனைப் பயிற்சிகளையும் குழுச் செயற்பாடுகளையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கனேடிய வைத்தியர்கள் நடத்தும் 'ஈ.எம். சிம் கேசஸ்' தளமும் அவ்வாறானதே. 2009 இல் மிஷெல் லின் ஆரம்பித்த 'ஏலியம்' தளம் மருத்துவ விடயங்களோடு, கற்பிப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் சம்பவங்களாக எழுதி விவாதித்துள்ளது.

2012 இல் டப்ளின் நகரில் அவசர மருத்துவ மாநாடு நடந்த காலத்தில், அவுஸ்திரேலிய வைத்தியர் மைக் கடோகன் இந்த இலவசக் கல்வி முயற்சிகளுக்கு 'ஃபோம்' என்ற பொதுப்பெயரைச் சூட்டினார். அவர் சார்ந்த 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' தளத்தின் ஈ.சி.ஜி களஞ்சியம் உலகெங்கும் மருத்துவ மாணவர் நாடும் ஒன்று. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு 'ரேடியோபீடியா' உண்டு.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இணையத்தில் உள்ள அனைத்தும் மதிப்பீடு செய்யப்பட்டவை அல்ல. எழுதியவர் யார், கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது, எமது தேசிய வழிகாட்டலுடன் ஒத்துப்போகிறதா என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு மருந்தளவைக்கூட மாணவருக்குச் சொல்லக்கூடாது.

கை பழக வேண்டும்

வளம் கையில் இருந்தாலும் கற்பிக்கும் முறை தவறினால் பயனில்லை. ஒரு செய்முறையைக் கற்பிக்க பெய்டன் என்பவரின் நான்கு படிகள் பரவலாகப் பயன்படுகின்றன. முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவதாக விளக்கியபடி மெதுவாகச் செய்வார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதாக மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். மூன்றாவது படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். மாணவருக்கு எது விளங்கவில்லை என்பது வெளிப்படுவதோ அங்கேதான்.

மார்பழுத்தம் ஒரு நல்ல உதாரணம். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். இதை மனனம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பார்த்தவருக்கே கை சோர்வது தெரியும். அந்தத் திறமையும் சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை முழுநாள் செயலமர்வு வைப்பதைவிட, மாதந்தோறும் கடமை மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவது பயன் தரும்.

எமது நோயாளி வேறு

மேற்கத்தேய களஞ்சியங்களில் போதைப்பொருளும் துப்பாக்கிச் சூடும் அதிகம். எமது கட்டிலில் இருப்பவரோ வயலில் பாம்பு தீண்டியவர், பூச்சிநாசினி நஞ்சேறியவர், டெங்கு நோயாளி, முச்சக்கரவண்டி விபத்தில் சிக்கியவர். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் உள்ளூர் ஆசிரியரே.

அதற்கு வேண்டிய பொருள் எம்மிடமே உண்டு. பாம்புக்கடிக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல் இருக்கிறது. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனைக்கு உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு பிழைக்கும். இதையே ஒரு பயிற்சியாக வைக்கலாம். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து, சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் விரியனின் விஷத்துக்கு உரியதல்ல என்பதை வெளிநாட்டுப் பாடம் எமது மாணவருக்குச் சொல்லித்தராது. அதேபோல், நஞ்சு உட்கொண்டவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரி கொடுப்பதால் இறப்பு குறையவில்லை என்பதைக் காட்டிய, 2008 இல் வெளியான பெரிய ஆய்வு இலங்கை வைத்தியசாலைகளிலேயே நடந்தது. எமது நோயாளரிடமிருந்து உலகம் கற்றதை எமது மாணவர்களும் கற்க வேண்டாமா?

தமிழில் யார் தருவது?

மருத்துவ பீடத்தில் மொழி ஆங்கிலம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கேட்பதோ "வாப்பாக்கு நெஞ்சடைக்குது டொக்டர்" என்பதுதான். பாவனைப் பயிற்சியில் ஒருவர் உறவினராக நடித்து இப்படிப் பேச, மாணவர் தமிழிலேயே கேள்வி கேட்டு, தமிழிலேயே நிலைமையை விளக்கிப் பழக வேண்டும். பெரும்பான்மையினர் சிங்களம் பேசும் பிரதேசத்தில் சிங்களத்திலும் பழக வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மேற்படி கைநூல், இலாப நோக்கின்றி மொழிபெயர்க்க அனுமதிக்கும் உரிமத்துடனேயே வெளிவந்துள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டு, இது ஸ்தாபனத்தின் மொழிபெயர்ப்பல்ல என்று எழுதி, அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும். துறைசார்ந்த ஒருவர் சரிபார்ப்பது மட்டும் கட்டாயம்.

இது வைத்தியர்களின் வேலை மட்டுமல்ல. பன்னிரண்டு வயது முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு மணித்தியாலம் உயிர்காப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் ஆதரவு தெரிவித்தது. பாடசாலை மண்டபமும் பள்ளிவாசல் வளாகமும் எம்மிடம் உள்ளன. பயிற்சி பெற்ற வைத்தியரும் தாதியரும் அநேகமாக எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். 1990 இலக்கத்தை அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும். ஆனால் அது வந்து சேரும் வரையான நிமிடங்கள் வீட்டிலிருப்பவரின் கையில்தான்.

ஸ்டைனருக்கு அந்தப் பாடம் மிகப் பெரிய விலை கொடுத்தே கிடைத்தது. எமது ஊர்களில் ஒரு குடும்பம் அந்த விலையைக் கொடுக்கும் வரை நாம் காத்திருக்கக் கூடாது. ஊருக்கு ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஓர் ஆசிரியர் என மூவர் இணைந்து, வரும் மாதத்தில் முதல் வகுப்பை ஆரம்பித்தாலே போதும்.