சாங்கிச் சிறையில் சில அன்னையர்

சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். கோட்டையின் பீரங்கிகள் எத்திசை நோக்கி நின்றன, தளபதி பெர்சிவல் ஏன் அவ்வளவு விரைவில் பணிந்தார் என்னும் வினாக்களுக்குப் படைவரலாற்று ஆசிரியர்கள் இன்றளவும் விடை தேடிக்கொண்டே இருக்கின்றனர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தீவு சப்பானியர் வசமானபோது அங்கே அகப்பட்டுக்கொண்ட ஆங்கிலேயத் தாய்மாரைப் பற்றியோ அந்நூல்களில் ஓரிரு வரிகளே காணக்கிடைக்கின்றன. அவர்கள் எங்கே உறங்கினர், எதை உண்டனர், ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கினர், எவ்வாறு வெறுத்தனர் என்பன வரலாறாகக் கருதப்படாமலே நெடுநாள் கிடந்தன. நான் ஈண்டு எழுதப் புகுவது அந்தச் சிறிய வரலாற்றையே.

போருக்கு முந்திய சிங்கப்பூரில் ஆங்கிலேய இல்லத்தரசியின் வாழ்வு எத்தகையது என்பதை முதலில் நினைவிற்கொள்ளல் வேண்டும். டாங்லின் போன்ற பகுதிகளில் அகன்ற தாழ்வாரங்களுடன் கூடிய பங்களாக்கள். குழந்தையைக் குளிப்பாட்ட, உண்பிக்க, உறங்க வைக்கச் சீனத் தாதி. அடுக்களைக்கு ஒரு சமையற்காரர். காரோட்ட ஒரு மலாய்க்காரர். புல்வெட்டத் தமிழ்த் தோட்டக்காரர். காலையில் கடைவீதி, மாலையில் கிளப். கணவரின் பதவி எதுவோ அதுவே மனைவியின் பதவியுமாகும். எந்த வீட்டாரை விருந்துக்கு அழைக்கலாம், எந்த வீட்டில் பெயர்ச்சீட்டை மட்டும் வைத்துவிட்டு வரலாம் என்பதற்கெல்லாம் எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. நட்பும் அச்சட்டங்களுக்கு உட்பட்டே நடந்தது.

இவ்வளவு வசதிக்குள்ளும் ஒரு துயரம் இருந்தது. பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் படிப்பின் பொருட்டுக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். கணவரோடு இருப்பதா, பிள்ளையோடு போவதா என்பதே கீழைநாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயத் தாயின் தீராத சிக்கல். ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் என்னும் மணமாகாத பெண்மணி 1925-இல் டாங்லினில் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1934-இல் கேமரன் மலைநாட்டில் விடுதியுடன் கூடிய பள்ளியையும் நிறுவினார். பிள்ளைகளை இன்னும் சில ஆண்டுகளேனும் அருகே வைத்துக்கொள்ள அத்தாய்மாருக்கு இப்பள்ளிகள் உதவின. தம் மாணவரின் அன்னையர் பலரோடு அவரும் பின்னாளில் சிறை புகுந்தார்.

வீழ்ச்சிக்கு முந்திய நாள்களில் பெண்களும் குழந்தைகளும் கிடைத்த கப்பல்களிலெல்லாம் ஏறினர். அக்கப்பல்கள் பல பாங்கா நீரிணைக்கருகே குண்டுவீச்சில் மூழ்கின. கணவரைப் பிரிய மனமின்றியும், மருத்துவமனைப் பணியை விட்டுப்போக விரும்பாமலும், கோட்டை விழாது என்று நம்பியும் தங்கிவிட்டவர்களும் உண்டு. தங்கியோருள் ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் மார்ச் 8-ஆம் நாள் கடும் வெயிலில் சாங்கிச் சிறையை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். எட்டு மைல் அளவிலான நடை. தாதியின் இடுப்பிலேயே வளர்ந்த குழந்தைகளை அன்று தாய்மாரே சுமந்தனர். சிறைவாயிலை நெருங்கியபோது அவர்கள் உரக்கப் பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தார்களாம். பாட்டு வீறாப்புக்காகவா, அழுகையை மறைக்கவா என்று நாம் இன்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

அச்சிறை 1936-இல் ஏறத்தாழ 600 குற்றவாளிகளுக்கென ஆங்கிலேயரே கட்டியது. அதில் இப்போது ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர். ஒருவருக்கென அமைந்த அறையின் நடுவே படுக்கைக்காக ஒரு சிமெண்டு மேடை; ஒருத்தி மேடைமேல் படுக்க, மற்றவர்கள் அதன் இருபுறத் தரையிலும் படுத்தனர். சோறு, கீரை, மரவள்ளிக்கிழங்கு, சிவந்த பாமாயில் ஆகியனவே உணவு. கணவர்மார் அதே சிறையின் மறுபுறத்தில் இருந்தனர், இடையே சுவர். படைவீரர்களாயிருந்த கணவர்களோ சில மைல் தொலைவில், படைமுகாமில். சற்று வளர்ந்த ஆண்பிள்ளைகளும் தாயைப் பிரிந்து ஆடவர் பகுதிக்குச் செல்ல நேர்ந்தது. கணவனா பிள்ளையா என்று கலங்கி நின்ற தாய்க்கு இப்போது இருவருமே எட்டாத் தொலைவினர் ஆயினர்.

சிறைப்பட்ட பெண்கள் தங்களுக்குள் ஒரு தலைவியைத் தேர்ந்துகொண்டனர்; வேலைகளைப் பங்கிட்டனர்; பள்ளி நடத்தினர். ஃப்ரெடி புளூம் என்னும் இதழாளர் கையடக்கமான வார இதழொன்றை 1942 ஏப்ரல் முதல் நடத்திவந்தார். இவற்றுள் என் நெஞ்சை மிகவும் தொட்டது ஒட்டுப்போர்வைகளின் கதை.

முதற்போர்வையைத் தைத்தவர்கள் சிறுமியர். எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர், எட்டு முதல் பதினாறு வயதுள்ள இருபது சிறுமியரைக் கூட்டிச் சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரந்தோறும் சாரணியர் பயிற்சி அளித்துவந்தார். அவருடைய பிறந்தநாளுக்காக அவர்கள் கந்தல் துணிகளை அறுகோணத் துண்டுகளாக வெட்டி, பழந்துணியிலிருந்து உருவிய நூலால் அவர் அறியாவண்ணம் இணைத்தனர். ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தைத்தாள். இக்காட்சியே எத்தல் மல்வானி என்பவரின் உள்ளத்தில் பெரியதோர் எண்ணத்தை விதைத்தது எனலாம்.

மல்வானி கனடா நாட்டவர். ஆங்கிலேயப் படைமருத்துவர் ஒருவரின் மனைவி. செஞ்சிலுவைச் சங்கப் பணியாளர். அவர் பெண்களுக்கு ஆளுக்கொரு வெற்றுத் துணிச்சதுரம் கொடுத்து, தம்மைப் பற்றிய எதையேனும் அதில் தைத்துக் கையொப்பமும் இடுமாறு கேட்டுக்கொண்டார். சதுரம் 66 கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. ஒன்று காயமுற்ற ஆங்கிலேய வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, மூன்றாவது காயமுற்ற சப்பானிய வீரர்களுக்கு, அவர்தம் துன்பத்தில் எங்கள் பரிவுடன் என்ற சொற்களோடு. மூன்றாவது போர்வை சிறையதிகாரியை இணங்க வைப்பதற்கான உபாயம் என்று பலரும் எழுதியுள்ளனர். அவ்வாறே இருக்கட்டும். ஆயினும் பகைவனின் காயத்தை எண்ணி ஊசி பிடித்த விரல்கள், உபாயத்துக்காக மட்டுமே அவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்கும் என நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

போர்வையின் உண்மையான பயன் வேறொன்று. யார் உயிரோடிருக்கிறார், யார் இல்லை என்று அறிய முகாம்களுக்கிடையே வழியில்லை. கடிதங்கள் தடுக்கப்பட்டிருந்தன. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த கணவன் போர்வையை விரித்து, மலரும் வீடும் கப்பலும் நிறைந்த சதுரங்களின் நடுவே மனைவியின் பெயரைத் தேடினான். பெயர் இருந்தால் அவள் இருக்கிறாள் என்பது பொருள். காவலர் கண்ணுக்கு அது பெண்களின் பொழுதுபோக்கு. பார்க்கத் தெரிந்தவர்க்கோ அது ஒரு பெயர்ப்பட்டியல். ஆஸ்திரேலியர்க்கான போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்பு உண்டு. போர் முடிந்தபின் இதனை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் அளிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தண்ணீரில் துவைக்காமல் உலர்முறையில் சலவை செய்வது நலம் என்றும் அறிவுறுத்துகிறது! சவர்க்காரத்துக்கே வழியற்ற சிறையிலும் இல்லத்தரசி இல்லத்தரசியாகவே இருந்தாள்.

ஆஸ்திரேலியப் போர்வையும் சப்பானியப் போர்வையும் இன்று கான்பெராவின் போர் நினைவகத்தில் உள்ளன. ஆங்கிலேயப் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. இவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறு சில தாய்மாரின் நினைவும் வருவதுண்டு. அதே 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். தோட்டத்து லயங்களில் காத்திருந்த மனைவியர்க்குப் பெயர் தைத்தனுப்ப ஒரு துணிச்சதுரம் கிட்டவில்லை. அனுப்பியிருந்தாலும் பத்திரப்படுத்தி வைக்க யாருமில்லை. இதனால் சாங்கிப் பெண்களின் துயரம் சிறிதாகிவிடாது. ஆனால் யாருடைய துயரம் அருங்காட்சியகம் சேர்கிறது என்பதையும் வரலாறு படிப்போர் கேட்டாக வேண்டும்.

இனிப் பாலின் கதைக்கு வருவோம். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் பணியாற்றியபோது, புரதக்குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்க்கர் நோயை 1930-களில் மருத்துவ உலகுக்கு அறிவித்தவர். 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே தாய்ப்பாலை விடுத்து இனிப்பூட்டிய டப்பாப்பாலைக் கொடுக்குமாறு ஏழைத் தாய்மாரிடம் வணிகர்கள் பரப்புரை செய்வதைக் கண்டு வெகுண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டார். செல்வர் சபையில் அத்தகைய தலைப்பை வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

மூன்றாண்டு கழித்து அவரும் சாங்கியில் கைதி. பெண்கள் முகாமின் தலைவியாகவும் இருந்தார். அங்கே டப்பாப்பால் இல்லை, தாதி இல்லை. தாய்மாரும் அரைப்பட்டினி. ஆயினும் அவர் பிற்காலத்தில் கூறியபடி, முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் அருந்தின, இருபதும் பிழைத்தன. மெலிந்த தாயொருத்தி பாலூட்ட வேண்டுமெனில் அவளைச் சுற்றியிருப்போர் அவளைத் தாங்கவேண்டும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் அறிவர். பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியம் சமைக்க ஓர் ஊரே கூடும் நம் வழக்கத்தின் பொருள் அதுதானே! நட்பு என்னும் சொல்லைச் சாங்கியில் இந்த எண்ணிக்கையால்தான் அளக்கவேண்டும் என்பது என் கருத்து.

எல்லாம் இனிமையாக இருந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். இடத்துக்காகவும் பாத்திரத்துக்காகவும் சச்சரவுகள் மூண்டன. பழைய பதவிப் பெருமை சிறைக்குள்ளும் தொடர்ந்தது. ஆங்கிலேயரின் மனைவியராயினும் கலப்பினத்தவர் என்பதால் சிலர் தள்ளிவைக்கப்பட்டனர். ஷீலா ஆலன் என்ற கலப்பினப் பெண் பதினேழு வயதில் முகாமில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு 1994-இல் நூலாக வெளிவந்தது. தன் இடம் எதுவெனத் தெரியாமல் தடுமாறும் இளம்பெண்ணின் குரலை அதில் கேட்கலாம். அவருடைய தந்தை விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கையில் ஆடவர் முகாமில் இறந்தார்.

1943 அக்டோபர் 10-ஆம் நாள் சப்பானிய இராணுவக் காவற்படை சிறையைச் சோதனையிட்டது. துறைமுகத்துக் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குக் கைதிகளே காரணம் என்பது ஐயம். உண்மையில் அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிறுபடையின் செயல். கைதிகள் பலர் கொண்டுசெல்லப்பட்டு வதைக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். டாக்டர் வில்லியம்ஸும் ஃப்ரெடி புளூமும் ஆடவரோடு நெருக்கியடைத்த கூண்டறைகளில் மாதக்கணக்கில் கிடந்து திரும்பினர். வார இதழ் அத்துடன் நின்றது. 1944 மே மாதம் அனைவரும் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டனர். உணவு மேலும் குறைந்தது.

பசி முற்றிய காலத்தில் மல்வானியும் தோழியரும் ஒரு விந்தையான பழக்கத்தை மேற்கொண்டனர். ஒன்றுகூடி அமர்ந்து, ஒருத்தி தன் தாய் செய்த கேக்கின் பக்குவத்தைச் சொல்வாள். மற்றவள் ஆட்டிறைச்சிக்கு எவ்வளவு நேரம் அனல் வேண்டும் என்று திருத்துவாள். இன்னொருத்தி மர்மலேடுக்கு ஆரஞ்சை எப்படி நறுக்குவது என்பாள். வெறும் வயிற்றோடு கேட்டிருந்து, உண்டு முடித்தவர்போல் எழுந்து செல்வர். சமையற்காரரையே நம்பியிருந்த பெண்கள் தம் அடுக்களையை நினைவிலிருந்து மீண்டும் கட்டினர். மல்வானி அப்பக்குவங்களைக் கிடைத்த காகிதங்களிலெல்லாம் எழுதிக்கொண்டார்.

அவர் எளிதான மனிதர் அல்லர். மனம் ஒருகால் கட்டுக்கடங்காமல் பொங்கியும் ஒருகால் முற்றிலும் ஒடுங்கியும் துன்புற்ற நோயாளி. தோழியர் சிலருக்கு அவரைப் பொறுத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. முகாமில் அவர் தனிமைச் சிறையிலும் அடைபட்டார். 1945 செப்டம்பரில் விடுதலை கிடைத்து, எலும்புந்தோலுமாகக் கனடா திரும்பினார். மறு ஆண்டே அப்பக்குவங்களை ஒரு சமையல் நூலாக அச்சிட்டு விற்கலானார். வந்த பணத்தில், இங்கிலாந்து மருத்துவமனைகளில் இன்னும் படுத்துக்கிடந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கு உணவுப்பொருள் வாங்கி அனுப்பினார்.